வட்டம்மா போட்ட கோணல்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் உடைந்தது பந்தயக் காரின் இன்ஜின். அதுவும் ஒரே பருவத்தில் இரண்டு தரம். உடைத்தது மாமியாரா மருமகளா என்பதில்தான் தகராறு.

மாமியார் சிலிண்டர் கடைபவர். இன்ஜினின் உடம்பு ஒரு பெரிய இரும்புக் கட்டி. பிளாக் என்பார்கள். அதில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றுக்குள்தான் பிஸ்டன்கள் நிமிடத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் தரம் ஏறி இறங்குகின்றன. துளை வட்டமாக இருந்தால் இன்ஜின் பிழைக்கும், கோணினால் போய்ச் சேரும். கல்யாணமான புதிதில், கடைசல் மெஷினில் நின்ற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன ஒரு திங்கட்கிழமை, “நான் நிக்கிறேன்” என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றவர், நாற்பது வருடமாக அங்கேதான் நிற்கிறார். லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் அவருக்கு வட்டம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் தனக்குப் பிடிக்காது என்று அவர் சொல்வார். யாராவது மறந்து வேறு மாதிரி கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும்.

மருமகள் இன்ஜின் பூட்டுபவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேருந்துப் பணிமனையில் ஆறு வருடம் இன்ஜின் பூட்டியவள். வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் வேலை செய்துகொண்டிருந்த ஒர்க் ஷாப்புக்குள் பந்தய இன்ஜினைக் கொண்டுவந்ததே அவள்தான். கணவன் கார் ஓட்டுவான், நன்றாகவே ஓட்டுவான். ஆனால் கார்பனுக்கும் கிரீஸுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒர்க் ஷாப்பின் பின்பக்கம் தூசி நுழையாமல் கண்ணாடியால் தடுத்த சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே வெள்ளை விளக்கு, ஒரு மேஜை, சுழலும் ஸ்டாண்டு, சுவர் நிறைய வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள். அந்த அறைக்குள் போனால் அவளுக்கு மூச்சே வேறு மாதிரி வரும். வீட்டில் நாலு பேருக்கு நடுவில் வார்த்தையை அளந்து பேசுகிறவள், அங்கே பிஸ்டனோடு வாய்விட்டுப் பேசுவாள்.

முதல் பந்தயத்தில் எட்டாவது சுற்றில் வாலில் நீலப் புகை வந்தது. எண்ணெய் குடித்து, வண்டி மூச்சு வாங்கி ஓரம் கட்டியது. பிரித்துப் பார்த்தார்கள். மாமியார் துளைகளை அளந்தார். நான்கும் வட்டம். அப்படியானால் மருமகள்தான் பிஸ்டனைச் சுற்றிய ரிங்கைச் சரியாக மாட்டவில்லை என்று தீர்ப்பானது. இரண்டாவது பந்தயத்துக்கு மருமகள் ஒவ்வொரு ரிங்கையும் மூன்று தரம் பார்த்து மாட்டினாள். பதினொன்றாவது சுற்றில் பிஸ்டன் துளையோடு பிடித்துக்கொண்டது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மறுபடியும் பிரித்தார்கள். மறுபடியும் மாமியாரின் டயல் கேஜ் நான்கும் வட்டம் என்று சாட்சி சொன்னது. கேஜ் பொய் சொல்லாது. பொய் சொல்லாத சாட்சி எதிர்க்கட்சியின் பக்கம் நின்றால் யாரால் என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் ஒர்க் ஷாப் சட்டரை இறக்குவதற்கு முன்னால் மாமியார் அவளைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

“கடைசி ரேஸுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்தத் தடவையும் பொகை வந்துச்சுன்னா, அந்தக் கண்ணாடி ரூமுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்மா. நீ முன்னாடி உக்காந்து வர்றவங்கள கவனிச்சுக்கோ. மரியாதையா இருக்கும்.”

மருமகள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அந்த ‘மரியாதையா’ மட்டும் கூடவே வந்தது. கணவன் வண்டியில் திரும்பும்போது, அம்மா கோபத்தில் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றான். அத்தை கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றாள் அவள். வேறு எந்த வேலையும் தனக்கு வேண்டாம், அந்த அறையை விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த வீரன், சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்த் திட்டு வாங்கினான்.

மறுநாள் காலையில் மாமனார் பிளாக்கைக் கழுவிக் கொடுத்தார். அந்த ஒர்க் ஷாப்பில் அவர் வேலை உதிரிகளைக் கழுவுவது. நாற்பது வருடமாக மண்ணெண்ணெய்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருக்கிறார். பேச்சையும் சேர்த்துக் கழுவிவிட்டாரோ என்னவோ, நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். மருமகள் பிளாக்கைத் தள்ளுவண்டியில் வைத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். வெயில் நேராகத் துளைக்குள் விழுந்தது.

கடைந்த துளையைக் கடைசியாகக் கல் வைத்துத் தேய்ப்பார்கள். அப்போது உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். எண்ணெய் தங்குவதற்காக. அந்தக் கோடுகள் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. துளையின் மேல்பக்கம் நான்கு இடத்தில் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது. நடுவில் இருந்த இடங்களில் கோடு போட்ட அன்று இருந்தபடியே இருந்தது. அடுத்த துளையிலும் நான்கு. அதற்கடுத்ததிலும் நான்கு. அவள் ஒரு பளபளப்பின் மேல் விரலை வைத்து, விரலை அப்படியே மேலே நகர்த்தினாள். விரல் ஒரு ஸ்டட் துளையில் போய் முட்டியது.

ஸ்டட் என்றால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் எஃகுக் கம்பி. மொத்தம் பத்து. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நான்கு, நடுவில் இருப்பவை பக்கத்துத் துளைக்கும் பொது. பந்தய இன்ஜினின் அழுத்தத்தில் ஹெட் தூக்கிக்கொள்ளக் கூடாதே என்று, கம்பெனி போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த ஸ்டட் வாங்கி, ஒன்றரை மடங்கு இறுக்கியது யார்? இவளேதான். எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இவளேதான். அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. அதே நேரம் எங்கோ ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது, சொல்ல வெட்கமாயிருந்தாலும்.

மெஷின் பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். ஹெட்டை இறுக்கும்போது ஸ்டட் இழுக்கிற இழுப்பில் துளை கோணுகிறது. ஹெட்டைக் கழற்றியதும் பழையபடி வட்டமாகிவிடுகிறது. நாம் எப்போதும் கழற்றிவிட்டுத்தான் அளக்கிறோம். அதனால் கேஜுக்கு எதுவும் தெரிவதில்லை.

மாமியார் மெஷினை நிறுத்தவில்லை. இது வார்ப்பிரும்பு, களிமண் இல்லை, கையால் பிடித்து இழுத்தால் வருவதற்கு என்றார். ஹெட்டுக்குப் பதிலாகத் தகட்டை இறுக்கிவைத்துத் தேய்க்கிற ஆட்கள் உண்டு என்று இருவருமே கேள்விப்பட்டிருந்தார்கள். அது அலுமினிய பிளாக்குக்கு என்று இருவருமே முடிவு கட்டியும் வைத்திருந்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒருமனதாக ஒத்துப்போன விஷயம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதுவும் தப்பாகப் போயிற்று.

வாயால் சொல்லி ஆகாது என்று மருமகளுக்குத் தெரிந்தது. பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, வெறும் பிளாக். அதன்மேல் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை வைத்து, பத்து ஸ்டட்டையும் பந்தயத்துக்குப் பூட்டுவதைப் போலவே முறைப்படி இறுக்கினாள். ஆளில்லாத வீட்டுக்குக் கதவைச் சாத்துகிற மாதிரியான வேலை. அதனால்தான் நாற்பது வருடத்தில் அங்கே யாரும் அதைச் செய்ததில்லை. பிறகு ஸ்டாண்டைச் சுழற்றி எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினாள். அடியிலிருந்து பார்த்தால் நான்கு துளையும் திறந்து கிடந்தன.

கேஜை அவள் தொடவில்லை. “நீங்களே பாருங்க அத்தை” என்று ஒதுங்கி நின்றாள்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேஜை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றினார். முள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. முப்பத்தைந்து மைக்ரான். தலைமுடியில் பாதி. கேட்கிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. பிஸ்டனுக்கு அது வாழ்வா சாவா. நான்கு துளையையும் அளந்துவிட்டு, ஹெட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் நான்கும் வட்டம். மாட்டச் சொன்னார். நான்கும் கோணல். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை முடிந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை வண்டிக்குப் போட்டுக் குடுத்திருப்பேன்” என்றார். மருமகளிடம் இல்லை, தரையிடம் சொன்னார்.

ஜெயித்த முகத்தை மருமகள் காட்டியிருக்கலாம். இரண்டு மாதம் வாங்கிய பேச்சுக்கு அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவள் பழைய கம்பெனி போல்ட்டுகளைத் தேடி எடுத்து வந்து, அதே ஹெட்டைச் சாதாரண வண்டிக்கு இறுக்குகிற அளவில் இறுக்கி, மறுபடி பிளாக்கைத் திருப்பினாள். மாமியார் எழுந்து அளந்தார். முள் கொஞ்சம்போல அசைந்து நின்றுவிட்டது. லாரிகளும் டாக்சிகளும் பிழைத்தன. நாற்பது வருட வட்டமும் பிழைத்தது. மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்தது என்று வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாமியாரைப் பிடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு விரற்கடைத் தடிமனில் எஃகுத் தகடு வந்து இறங்கியது. இரண்டு நாளில் அதில் நான்கு பெரிய கண்கள் கடைந்து, ஸ்டட்டுக்குப் பத்துத் துளையும் போட்டுவிட்டார். ஹெட்டின் இடத்தில் இந்தத் தகட்டை இறுக்க வேண்டும். துளைகள் கோணிக்கொள்ளும். கோணிய நிலையிலேயே தகட்டின் கண் வழியாகக் கல்லை விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். சேதமான துளைகளைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அடுத்த அளவு பிஸ்டனுக்கு மருமகள் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் தகடு பேச்சுக் கேட்கவில்லை. ஹெட்டை இறுக்கினால் துளை ஒரு விதமாகக் கோணியது. தகட்டை இறுக்கினால் வேறு விதமாகக் கோணியது. ஸ்டட் அதேதான், இறுக்கமும் அதேதான். தகட்டின் தடிமன் போதாது என்றார் மாமியார். தகட்டின் முகம் சமமாக இல்லை என்றாள் மருமகள். ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். பழைய பகையெல்லாம் வேறு நடுவே எட்டிப் பார்த்தது. இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குக்கர் விவகாரம்கூட வந்து போயிற்று. சாயங்காலம் மாமனார் தொட்டிப் பக்கமிருந்து எழுந்து வந்தார். கையில் கழுவித் துடைத்த பழைய ஹெட் கேஸ்கெட்.

“இது எங்க போகும்?” என்றார்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் உண்டு. தகட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அதை வைக்க இரண்டு கெட்டிக்காரிகளுக்கும் தோன்றவில்லை. வைத்து இறுக்கினார்கள். முள் அச்சு அசலாக ஹெட்டில் போன வழியே போனது. மாமனார் அதற்குள் தொட்டிக்குத் திரும்பிவிட்டார். அன்றைய கணக்குக்கு அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது, அதைச் செலவழிக்க அவருக்கு மனமில்லை.

அடுத்த நாள் முழுக்க மாமியார் தேய்த்தார். ஒரு துளைக்கு இருபது முறை நிறுத்தி அளந்தார். கல்லின் சத்தம் மாறினால் காதை வைத்துக் கேட்டு, எண்ணெயை மாற்றினார். மருமகள் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றினாள். அந்தக் கைகள் வேலை செய்வதை அவள் எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள், ஆனாலும் அன்றைக்குத்தான் வியந்தாள். அறுபத்திரண்டு வயதுக் கை, முடியில் பத்தில் ஒரு பங்கைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தது. தகட்டோடு அளந்தபோது நான்கு துளையும் வட்டத்திலும் வட்டம். கேஜின் முள் தூங்கிவிட்டது.

தகட்டைக் கழற்றினார்கள். பழக்க தோஷம், மாமியார் மறுபடி கேஜை விட்டார்.

முள் ஆடியது. ஆடத்தானே செய்யும். அதற்காகத்தானே இத்தனை பாடும். அதெல்லாம் மாமியாருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, தன் மெஷினிலிருந்து ஒரு கோணல் துளை இறங்கி வெளியே போவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. நாற்பது வருடத்தில் அப்படி ஒன்று அந்த மேஜையை விட்டு நகர்ந்ததில்லை. அவர் முகம் வெளிறியது. பிறகு கை தானாகப் போய்த் தேய்க்கும் கல்லை எடுத்தது.

“ஒரே ஒரு இழுப்பு. லேசா. அவ்வளவுதான்.”

மருமகள் பிளாக்குக்கும் மாமியாருக்கும் நடுவில் வந்து நின்றாள். எட்டு வருடத்தில் அந்தப் பெண்மணியின் வழியை அவள் மறித்ததில்லை.

“கைய எடுங்க அத்தை.”

“கோணலா இருக்குடி.”

“கோணலாத்தான் இருக்கணும். இதத் தொட்டீங்கன்னா பழையபடி பொகைதான். அப்புறம் நான் அந்த ரூமுக்குள்ள போக முடியாது. நீங்கதான் சொன்னீங்க.”

மாமியார் கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றார். எதிரே நின்றவளையும் பிளாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கல்லை அதன் பெட்டியில் வைத்து மூடி, பிளாக்கின் மேல் ஒரு துணியைப் போர்த்தினார். அதைப் பார்த்தால் தனக்குத் தூக்கம் வராது, சீக்கிரம் உள்ளே எடுத்துப் போ என்றார். மருமகள் தள்ளுவண்டியைக் கண்ணாடி அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டாள்.

கடைசிப் பந்தயம் முப்பது சுற்று. வேலையிடத்தை விட்டு எங்கும் போகாத மாமியார் அன்றைக்குக் கிளம்பி வந்துவிட்டார். அடுக்கி வைத்த டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டார். மகன் கையசைத்தபோது அவனைப் பார்க்கவில்லை. வண்டியின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் சுவரோரம் நின்றாள். எட்டாவது சுற்று வந்தது. வால் சுத்தமாக இருந்தது. பதினொன்றாவது சுற்றில் அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. திறந்தே வைத்திருந்தாள். வண்டி சீறிக்கொண்டு போனது, புகை என்று ஒரு இழைகூட இல்லை. பதினைந்தாவது சுற்றில் கணவன் ஆறாவது இடத்திலிருந்து நான்காவதுக்கு வந்தான்.

வண்டியைக் கொஞ்சம் பார்த்து ஓட்டட்டுமா, இன்ஜின் சூட்டில் இருக்கிறதே என்று காதில் மாட்டிய கருவியில் அவன் கேட்டான். மருமகள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் என்ன கேக்குறான்?”

சொன்னாள்.

“நீ என்ன சொல்ற?”

“முழுசா மிதிக்கச் சொல்லலாம்.”

“அப்புறம் என்ன. சொல்லு.”

அவள் சொன்னாள். அவன் மிதித்தான். அதன்பிறகு நடந்ததை அந்தக் குடும்பம் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறதோ. இன்ஜின் கடைசிப் பத்துச் சுற்றில் பாட்டுப் பாடியது. நேர்ப்பாதையில் எதிரிகளை ஒருவர் பின் ஒருவராக வாரிச் சாப்பிட்டது. இருபத்தெட்டாவது சுற்றில் முதலிடம். முப்பதாவதில் கொடி விழுந்தபோது இரண்டாவது வந்தவன் வளைவிலேயே இருந்தான். மருமகள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நின்ற ஒருவரைக் கட்டிப் பிடித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

ஜெயித்த வண்டியின் இன்ஜினை அங்கேயே திறந்து அளக்க வேண்டும் என்பது விதி. அனுமதித்த அளவுக்குமேல் துளை பெரிதாக இருந்தால் வெற்றி செல்லாது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். ஹெட்டைக் கழற்றியதும் சோதனை அதிகாரி தன் கேஜை விட்டார். சுழற்றினார். புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு துளையில் விட்டார்.

அளவு சரி, வெற்றி செல்லும் என்று முதலில் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு கோணலாகத் துளை போட்ட இன்ஜினை இந்த மைதானத்தில் தான் பார்த்ததில்லை, யார் கடைந்தது என்று கேட்டார். சுற்றி நின்ற மெக்கானிக்குகளில் இரண்டு மூன்று பேர் வாய்விட்டே சிரித்தார்கள். அவர்களில் வட்டம்மாவைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தெரிந்தவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள்.

மருமகளுக்கு முகம் கொதித்தது. முன்னால் போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டயர்களின் மேலிருந்து மாமியார் எழுந்து வந்துவிட்டார். அத்தனை ஆண்களும் வழிவிட்டார்கள்.

“நான்தான் போட்டேன். வேணும்னுதான் கோணலாப் போட்டேன். ஹெட்ட மாட்டி, கீழேருந்து அளந்து பாருங்க.”

இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும், அதற்கு நேரமாகும் என்றார் அதிகாரி. தனக்கு நேரம் இருக்கிறது என்றார் மாமியார். அதிகாரிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. கிராங்கும் பிஸ்டனும் வெளியே வந்தன. ஹெட்டை மாட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை வேறு யாரும் தொட மருமகள் விடவில்லை. பத்து ஸ்டட்டையும் தன் கையால் இறுக்கினாள். பிளாக்கைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதிகாரி கேஜை விட்டார். சுழற்றினார். மறுபடி சுழற்றினார். கேஜ் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

சிரித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நகரத்திலேயே பெரிய ஒர்க் ஷாப் வைத்திருந்த தாடிக்காரர் ஒருவர் மட்டும், தகடு போட்டுத் தேய்த்தீர்களா என்று மெல்லக் கேட்டார். பந்தய இன்ஜினுக்கு இரும்பானாலும் தாங்கள் அப்படித்தான் செய்வது வழக்கம் என்றார். தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மாமியார் அவரை ஒரு முறை முறைத்தார். போட்டிக்கு நிற்கிறவர்களிடம் யார் சொல்வார்கள் என்றார் அவர். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, தாங்கள் தேய்ப்பதுகூட இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். தன்னுடைய சொந்த வண்டிக்கு அடுத்த பருவத்துக்கு ஒரு இன்ஜின் கட்டித் தர முடியுமா என்று வட்டம்மாவிடம் கேட்டார்.

“என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?” என்றார் மாமியார். “இன்ஜின் கட்டுறது அவ. நான் அவளுக்குத் துளை போட்டுக் குடுக்குறவ. அவ ரூமுக்குப் போயி அவகிட்ட கேளுங்க, அவளுக்குத் தோதுப்பட்டா செய்வா.”

கொட்டகையே மருமகளைத் திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, பிளாக்கை அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கணவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது அங்கே யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அவன் அம்மா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கையில் துணியோடு, பிரித்த பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டே, எவரிடமும் அளவு கேட்டுப் பழக்கமில்லாத அந்த வாயால், மருமகளிடம் கேட்டார்.

“அந்தத் தாடிக்காரர் இன்ஜினுக்கு ஸ்டட்ட எவ்வளவு இறுக்கப் போற? இப்பவே சொல்லிடு. அதுக்குத் தக்கன கோணல் போடணும்.”